இடைநிறுத்தப்பட்ட அனுமதிப்பத்திரமும் குடும்ப வாகனத்தின் காப்புறுதியும்: மலையகத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வாகனக் காப்புறுதி ஒரு வாகனத்துக்கும் அதன் உரிமையாளருக்கும் எழுதித் தரப்படுவது. சாரதி அனுமதிப்பத்திரமோ ஓட்டுகிற ஆளுக்கு மட்டுமே உரியது. முன்னதைக் காப்புறுதி நிறுவனம் வழங்குகிறது, பின்னதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வழங்குகிறது. ஒருவரின் அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தும் நீதவான், அவர் வீட்டு வாகனத்தின் காப்புறுதியைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. அந்த வாகனத்துக்குக் கட்டுப்பணம் வாங்கும் நிறுவனமும் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் அனுமதிப்பத்திரத்தையும் ஆண்டுதோறும் கேட்டுப் பார்ப்பதில்லை. அப்பாவின் பெயரில் உள்ள வானை, அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்ட மகன் ஓட்டிச் சென்று விபத்துக்குள்ளாகும்போதுதான் இவ்விரு பத்திரங்களும் முதன்முறையாக ஒரே மேசையில் வைத்துப் பார்க்கப்படுகின்றன. வாகனத்தைத் திருத்தும் செலவு யாருடையது, காயப்பட்டவருக்கு அல்லது இறந்தவரின் குடும்பத்துக்கு நட்டஈடு கொடுப்பது யார், கொடுத்தவர் அத்தொகையை உரிமையாளரிடமிருந்து திரும்ப அறவிடலாமா என்ற கேள்விகள் அப்போது அடுத்தடுத்து எழுகின்றன. சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும், இக்கேள்விகளில் பெரும்பாலானவை கடைசியில் உரிமையாளர் அறிந்தே வாகனத்தைக் கொடுத்தாரா என்ற இடத்திலேயே வந்து நிற்கின்றன. வெளியாள் ஒருவரைச் சாரதியாக வைத்திருந்தவர் அதற்கு ஒருவாறு விடை சொல்லிவிடலாம். ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களுக்கு அது எளிதல்ல.

நுவரெலியா மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில், இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையத்தைக் கொண்ட பட்டிப்பொலவில் இக்கேள்விக்குத் தனியான ஓர் அழுத்தம் உண்டு. ஹோர்டன் சமவெளிக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிகளை விடியுமுன் ஏற்றிச் செல்லும் வான்கள், கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்கும் கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கும் இறங்கும் பட்டா லொறிகள், தோட்டத்து லயங்களிலிருந்து நோயாளிகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் கொண்டுசெல்லும் முச்சக்கரவண்டிகள் ஆகியவை இவ்வட்டாரத்தில் ஒரு குடும்பத்தின் பயண வசதி மட்டுமல்ல, அதன் வருமானமும் கூட. ஒரு வாகனத்தை அப்பா, மகன், மருமகன், தம்பி என்று பலரும் முறைவைத்து ஓட்டுவது இங்கு வழக்கம். பதிவுப் புத்தகத்தில் ஒருவர் பெயர் இருக்கும், மாதத் தவணையை இன்னொருவர் கட்டுவார், ஓட்டுபவர் மூன்றாமவராக இருப்பார். பனிமூட்டமும் ஒடுங்கிய வளைவுகளும் நிறைந்த இப்பாதைகளில் விபத்து என்பது சிறு நெளிவோடு முடிவதும் அல்ல. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயாவுக்கு அருகே பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று வானுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியதில் 7 பேர் இறந்தனர். 2025 மே 11 அன்று றம்பொடை கெரண்டி எல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்ததில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்விரு விபத்துகளும் அனுமதிப்பத்திரச் சிக்கல் பற்றியவை அல்ல. இந்த மலைச் சரிவுகளில் ஒரு தவறு எத்தனை குடும்பங்களின் மேல் விழக்கூடும் என்பதைக் காட்டவே அவை இங்கு குறிக்கப்படுகின்றன.

அனுமதிப்பத்திரம் "இல்லை" என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுவது உண்மையில் பல வேறு நிலைகளை ஒன்றாகக் கட்டிய சொல். எப்போதுமே அனுமதிப்பத்திரம் பெறாதவர், முச்சக்கரவண்டிக்கு மட்டும் பெற்றுக்கொண்டு லொறி ஓட்டுபவர், காலாவதியானதைப் புதுப்பிக்காதவர், பொலிஸாரிடம் அதைக் கொடுத்துவிட்டுத் தண்டப்பணச் சீட்டுடன் ஓட்டுபவர், நீதிமன்றத்தால் குறித்த காலத்துக்குத் தடுக்கப்பட்டவர் ஆகிய அனைவரையும் அச்சொல் ஒன்றாகச் சுட்டுகிறது. காப்புறுதிச் சட்டத்தில் இவர்கள் ஒரே நிலையில் இல்லை. கடைசியாகச் சொல்லப்பட்டவரே கண்டிப்பான பொருளில் இடைநிறுத்தப்பட்டவர். மதுபோதையில் வாகனம் செலுத்தியமை போன்ற குற்றத்துக்கு நீதவான் தண்டப்பணத்தோடு அனுமதிப்பத்திரத்தையும் இடைநிறுத்தவோ இரத்துச் செய்யவோ முடியும்.

இவற்றுள் தண்டப்பணச் சீட்டு மலையகத்தில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது என்பதால் அதைச் சற்று நின்று பார்ப்பது தகும். வீதி ஒழுங்குகளை மீறியவரிடமிருந்து பொலிஸ் உத்தியோகத்தர் அனுமதிப்பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு ஒரு சீட்டை எழுதிக் கொடுக்கிறார். அச்சீட்டில் குற்றமும் தொகையும் திகதியும் இருக்கும். தபாலகத்தில் பணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டினால் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். அதுவரை 14 நாட்களுக்கு அச்சீட்டே தற்காலிக அனுமதிப்பத்திரமாகச் செல்லும். அந்த 14 நாட்களுக்குள் ஓட்டுபவர் சட்டப்படி அனுமதி உள்ளவரே, அவருக்கு நேரும் விபத்தைக் காரணம் காட்டிக் காப்புறுதியை மறுக்க இடமில்லை. 14 நாட்கள் கடந்து, இருமடங்கு தொகை கட்ட வேண்டிய அடுத்த தவணையும் கடந்து, விடயம் நீதிமன்றத்துக்குப் போன பிறகும் மடித்த அதே சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுபவர்களின் நிலை வேறு. மறிக்கும் பொலிஸார் கண்டிப்பார்கள், இன்னொரு தண்டம் எழுதுவார்கள் என்ற அளவில்தான் குடும்பங்கள் அதை அஞ்சுகின்றன. விபத்து நடந்த இடத்துக்கு வரும் காப்புறுதி மதிப்பீட்டாளர் அந்தச் சீட்டின் திகதியை முதலில் பார்ப்பார் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. நாட்கூலியை விட்டுவிட்டு நகரத்துக்குப் போக வேண்டியவருக்கு 14 நாட்கள் நீண்ட காலமுமல்ல. 2025இல் அரசின் இணையவழிக் கட்டணச் சேவையான கவ்பே வழியாகத் தண்டப்பணத்தைக் கைபேசியில் கட்டும் வசதி படிப்படியாக வரத் தொடங்கியிருப்பது தோட்டப்புறத்துக்கு உண்மையிலேயே பயன்படக்கூடிய மாற்றம்.

காலாவதியான அனுமதிப்பத்திரத்தின் கதையும் இதையொட்டியது. இலங்கையில் இலகு வாகன அனுமதிப்பத்திரம் 8 ஆண்டுகளுக்கும் கனரக வாகன அனுமதிப்பத்திரம் 4 ஆண்டுகளுக்கும் ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து அட்டை அச்சிட முடியாமல் திணைக்களமே தற்காலிகப் பத்திரங்களை வழங்கிய காலத்தில், அட்டை கையில் இல்லாதவர்கள் எல்லோரும் அனுமதி இல்லாதவர்கள் அல்லர் என்பதை நிறுவனங்களும் ஏற்க வேண்டியிருந்தது. அட்டை இருப்பதும் அனுமதி இருப்பதும் ஒன்றல்ல என்ற இந்த வேறுபாடு மறுபக்கமும் வெட்டும்: இடைநிறுத்தப்பட்டவரின் கையில் பழைய அட்டையின் பிரதி ஒன்று இருந்தாலும் அவருக்கு அனுமதி இல்லை.

இனிக் காப்புறுதிப் பத்திரத்துக்கு வரலாம். வாகனக் காப்புறுதி இருவகைப்படும். காப்புறுதி செய்தவர் முதல் தரப்பு, நிறுவனம் இரண்டாந் தரப்பு, வீதியில் பாதிக்கப்படும் அன்னியர் மூன்றாந் தரப்பு. அந்த அன்னியருக்கு ஏற்படும் மரணம், காயம் போன்றவற்றுக்கான பொறுப்பை மட்டும் ஏற்பது மூன்றாந் தரப்புக் காப்புறுதி. சொந்த வாகனத்தின் சேதத்தையும் சேர்த்து ஏற்பது, "ஃபுல் இன்ஷூரன்ஸ்" என்று எல்லோரும் சொல்லும் முழுக் காப்புறுதி. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் 99ஆம் பிரிவு முதலாவதைக் கட்டாயமாக்குகிறது. ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது காப்புறுதிச் சான்றிதழைக் காட்ட வேண்டியிருப்பதும் இதனால்தான். இரண்டாவது உரிமையாளரின் விருப்பத்துக்கு உட்பட்டது. ஆனால் லீசிங்கில் எடுத்த வாகனத்துக்கு அந்த விருப்பம் கிடையாது, ஏனெனில் கடன் கொடுத்த நிதி நிறுவனம் அதை ஒப்பந்தத்திலேயே கட்டாயமாக்கிவிடுகிறது.

யார் ஓட்டலாம் என்பதைச் சொல்லும் வாசகம் காப்புறுதிப் பத்திரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். பிரித்தானிய வழியில் வந்த நாடுகளில் அது ஏறக்குறைய ஒரே அச்சில் வார்க்கப்பட்டது: காப்புறுதி செய்தவரும், அவருடைய கட்டளையின் பேரில் அல்லது அனுமதியோடு ஓட்டும் எவரும் ஓட்டலாம், ஆனால் ஓட்டுபவர் உரிய அனுமதிப்பத்திரம் உடையவராகவும், அதை வைத்திருப்பதிலிருந்தோ பெறுவதிலிருந்தோ தகுதி நீக்கப்படாதவராகவும் இருக்க வேண்டும். பழைய வாசகம் ஒன்று அனுமதிப்பத்திரம் "உடையவர் அல்லது முன்னர் உடையவராக இருந்தவர்" என்று எழுதி, அதன்பின் தகுதி நீக்கத்தைச் சேர்க்கும். இந்த வேறுபாடு பெரிது. பழைய வாசகத்தின்படி, புதுப்பிக்க மறந்தவர் முன்னர் உடையவராக இருந்தவர் என்ற வகையில் காப்புக்குள் வருகிறார். நீதிமன்றம் தடுத்தவரோ முன்னர் உடையவராக இருந்தும் வெளியே தள்ளப்படுகிறார். மறதியையும் தடையையும் பழைய வரைவாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள் என்பது தெளிவு, அப்பிரிப்பு நியாயமானதும் கூட. ஆகவே ஒரு குடும்பம் தன் காப்புறுதிப் பத்திரத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்த ஒரு வாசகத்தைப் படித்து வைப்பது அவசியம். பத்திரம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் கொடுக்கப்படும் இடங்களில் தமிழில் கேட்டுப் பெறுவது வாடிக்கையாளருக்குக் காட்டப்படும் சலுகை அல்ல, அவருக்கு உரியது.

சொந்த வாகனத்தின் சேதத்தைப் பொறுத்தவரை விடை சுருக்கமானது, கடுமையானது. ஓட்டியவர் அந்த வாசகத்துக்குள் அடங்காதவர் என்றால் நிறுவனம் திருத்தச் செலவை மறுக்கலாம். இது இரு தரப்புக்கு இடையிலான ஒப்பந்தம், வீதியில் நின்ற அன்னியருக்கு இதில் பங்கில்லை என்பதால் சட்டமும் இங்கு தலையிடுவதில்லை. நடைமுறையில் இது விபத்து நடந்த இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. உரிமையாளர் நிறுவனத்துக்கு அழைப்பு எடுக்கிறார். மதிப்பீட்டாளர் வந்து வாகனத்தை நான்கு பக்கமும் படமெடுத்து, அடிச்சட்ட எண்ணைப் பார்த்து, வருமான அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதிச் சான்றிதழையும் பார்த்த கையோடு, ஓட்டியவரின் அனுமதிப்பத்திரத்தைக் கேட்கிறார். அந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் இன்னொரு பிழையைச் செய்கின்றன. மகன் ஓட்டவில்லை, மாமாதான் ஓட்டினார் என்று சொல்லி, செல்லுபடியான அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவரைச் சாரதியாக்கிப் படிவத்தில் கையெழுத்திட வைக்கின்றன. பொலிஸ் பதிவும் சாட்சிகளின் கூற்றும் அதற்கு மாறாக இருந்தால், நிபந்தனை மீறல் என்ற நிலையிலிருந்து பொய்யான உரிமைக் கோரிக்கை என்ற நிலைக்கு விடயம் போய்விடுகிறது. காப்புறுதி ஒப்பந்தம் இரு தரப்பின் மிக உயர்ந்த நல்லெண்ணத்தில் நிற்பது என்பது பொதுவான விதி. அதை உடைத்தவர், மறுக்கப்படாமல் எஞ்சியிருக்கக்கூடிய உரிமையையும் சேர்த்து இழக்கிறார். கையெழுத்திட்ட மாமாவும் குற்றத்துக்குள் இழுக்கப்படுகிறார்.

லீசிங் வாகனமாக இருந்தால் இழப்பு இரட்டிக்கிறது. வாகனம் பட்டறையில் கிடந்தாலும் தவணை நிற்பதில்லை. தவணை தவறினால் நிதி நிறுவனம் வாகனத்தை எடுத்துச் சென்று விற்று, விற்ற தொகை போதாவிட்டால் மீதியை உரிமையாளரிடமும் பிணை நின்றவர்களிடமும் கேட்கும். பிணை நின்றவர் பெரும்பாலும் பக்கத்து லயத்து உறவினராகவோ ஒரே தோட்டத்தில் வேலை செய்பவராகவோ இருப்பார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்ட இடைக்காலத்தில் பழைய வாகனங்களின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியதால், ஒரு முச்சக்கரவண்டியின் திருத்தச் செலவைக்கூட மாதச் சம்பளத்தில் தாங்குவது தோட்டத் தொழிலாளர் குடும்பத்தால் இயலாத காரியமாயிற்று. இடைநிறுத்தப்பட்டவர் தண்டனை பெற்றது ஒரு நாள் நீதிமன்றத்தில். அவருடைய குடும்பம் அதைத் தவணை தவணையாகக் கட்டுகிறது.

மூன்றாந் தரப்பின் நிலை இதைவிடச் சிக்கலானது. சட்ட வரலாற்றின் சுவையான பகுதியும் இதுவே. பிரித்தானியா 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தால் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியபோது, நிறுவனங்கள் நிபந்தனை மீறலைக் காட்டிப் பணம் கொடுக்காமல் தப்புவதைச் சட்டம் முழுதாகத் தடுக்கவில்லை. 1934ஆம் ஆண்டின் சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. காப்புறுதி செய்தவருக்கு எதிரான தீர்ப்புத் தொகையை நிறுவனம் நேரே பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்க வேண்டும் என்றது. சாரதியின் வயது, உடல்நிலை, மனநிலை, வாகனத்தின் நிலை, ஏற்றிய ஆட்களின் தொகை, பாரம், ஓட்டிய நேரம், இடம் போன்ற சில கட்டுப்பாடுகள் மூன்றாந் தரப்புக்கு எதிராகச் செல்லாது என்று பட்டியலிட்டது. சாரதியின் அனுமதிப்பத்திரம் அந்தப் பட்டியலில் இல்லை. மேலும் நிறுவனம் கொடுக்க வேண்டியது பத்திரத்தின் வாசகத்துக்குள் அடங்கும் பொறுப்பை மட்டுமே என்பதால், ஓட்டக் கூடாதவர் ஓட்டினார் என்ற வாதத்துக்கு வாசல் திறந்தே இருந்தது. அந்த வாசலால் வீதியில் விடப்பட்டவர்கள் உட்பட, காப்புறுதியிலிருந்து நட்டஈடு பெற முடியாதவர்களுக்காகக் காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து 1946இல் மோட்டார் காப்புறுதியாளர் பணியகத்தை நிறுவின. 1988ஆம் ஆண்டின் சட்டத்தின் 151ஆம் பிரிவு வாசலையே மூடியது: அனுமதிப்பத்திரம் உடையவர் மட்டுமே ஓட்டலாம் என்ற கட்டுப்பாடு மூன்றாந் தரப்பின் தீர்ப்பைப் பொறுத்தவரை இல்லாததாகவே கொள்ளப்படும், நிறுவனம் கொடுத்துவிட்டு, அந்த ஓட்டத்தை அனுமதித்த காப்புறுதிதாரரிடம் திரும்பக் கேட்கலாம்.

இலங்கையின் 1951 சட்டம் முந்தைய பிரித்தானிய அமைப்பை அடியொற்றி எழுதப்பட்டது. அதன் ஆறாம் பகுதி மூன்றாந் தரப்புக் காப்புறுதிக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. 105ஆம் பிரிவு தீர்ப்புத் தொகையைக் கொடுக்கும் கடமையை நிறுவனத்தின் மேல் வைக்கிறது, வழக்குத் தொடுத்தவர் அதை உரிய காலத்துக்குள் நிறுவனத்துக்கு அறிவித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. காயப்பட்டவரின் சட்டத்தரணி இந்த அறிவித்தலைத் தவறவிட்டால், அனுமதிப்பத்திரம் பற்றிய வாதமே தேவைப்படாமல் நிறுவனம் விலகிக்கொள்ளலாம். நட்டஈட்டு வழக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கப்பட வேண்டும் என்ற காலவரையறையும் உண்டு. நீதவான் நீதிமன்றத்தில் சாரதிக்கு எதிரான வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தே அக்காலத்தைக் கடத்திவிடுவது ஏழைக் குடும்பங்களுக்கு நேரக்கூடிய கொடுமை. 1998ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் உருவான வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபை நட்டஈடு வழங்குகிறது. ஆனால் அந்த ஏற்பாடு மோதிவிட்டுத் தப்பியோடிய, அடையாளம் காணப்படாத வாகனங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கானது. மோதிய வாகனமும் ஓட்டியவரும் தெரிந்திருந்து, அனுமதிப்பத்திரத்தைக் காட்டிக் காப்புறுதி மறுக்கப்படும்போது, அந்த வழி உதவாது. பிரித்தானியா 1988இல் எழுதிய ஒற்றைப் பிரிவை இலங்கைச் சட்டமும் தன் சொற்களில் எழுதிக்கொள்வது காலம் கடந்த கடமை. அதனால் நிறுவனங்களுக்கு நட்டம் என்ற வாதம் நிற்காது, ஏனெனில் திரும்ப அறவிடும் உரிமை அவற்றுக்கு எஞ்சியிருக்கும்.

இந்தியாவில் அந்தப் பணியைப் பாராளுமன்றத்தைவிட நீதிமன்றங்களே அதிகம் செய்தன. 1987இல் ஸ்கண்டியா காப்புறுதி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு லொறிச் சாரதியின் கதையைக் கேட்டது: அவர் வண்டியை நிறுத்தி இறங்கிச் சென்ற வேளையில், அனுமதிப்பத்திரம் இல்லாத கிளீனர் அதை ஓட்டி ஒருவரைக் கொன்றுவிட்டார். உரிமையாளர் தகுதியான சாரதியை வைத்திருந்தார், அவருக்குத் தெரியாமல் நடந்ததற்கு அவர் நிபந்தனையை மீறியவர் ஆகமாட்டார் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 2004 ஜனவரியில் வந்த நஷனல் இன்ஷூரன்ஸ் – சுவரண் சிங் தீர்ப்பு இதை விரிவான கோட்பாடாக்கியது. அனுமதிப்பத்திரம் இல்லை, காலாவதியானது, போலியானது, ஓட்டியவர் தகுதி நீக்கப்பட்டவர் என்ற எதைச் சொன்னாலும் அது மட்டும் போதாது. உரிமையாளர் வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ அந்த மீறலுக்கு இடம் கொடுத்தார் என்பதையும் நிறுவனமே நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும்கூட, பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடமிருந்து அறவிடுமாறு தீர்ப்பாயம் கட்டளையிடலாம். "முதலில் கொடு, பிறகு அறவிடு" என்று வழங்கும் இந்த முறை தமிழ்நாட்டின் மோட்டார் விபத்து நட்டஈட்டுத் தீர்ப்பாயங்களில் இன்று அன்றாட நடைமுறை.

இக்கோட்பாடு குடும்பங்களுக்குத் தரும் ஆறுதல் பார்வைக்குப் பெரியது, உண்மையில் சிறியது. கிளீனரின் செயலை அறியாத லொறி உரிமையாளரின் இடத்தில் ஓர் அப்பாவை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். மகன் மதுபோதையில் பிடிபட்ட இரவில் பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பிணையில் எடுத்தவர் அப்பா; தண்டப்பணத்துக்குக் கடன் வாங்கியவரும் அவரே; நீதவான் இடைநிறுத்தக் கட்டளையை வாசித்தபோது நீதிமன்றத்தின் பின்வரிசையில் நின்றவரும் அவரே. அவர் தனக்குத் தெரியாது என்று எந்த நீதிமன்றத்திலும் சொல்ல முடியாது, சொன்னாலும் நிறுவனத்தின் சட்டத்தரணி அந்தப் பிணைப் பத்திரத்தில் உள்ள கையெழுத்தைக் காட்டுவார். உரிமையாளர் கூலிச் சாரதியின் அனுமதிப்பத்திரத்தின் புதுப்பித்தலையும் கவனிக்கக் கடமைப்பட்டவர் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2020இல் மூன்று ஆண்டுகள் காலாவதியான அனுமதிப்பத்திரம் பற்றிய பேலி ராம் வழக்கில் சொன்ன பிறகு, ஒரே வீட்டில் வாழ்பவருக்கு அக்கடமை குறைவு என்று வாதிட இடமே இல்லை. சாவி பூட்டி வைக்கப்பட்டிருந்தது, மகன் அதை உடைத்தோ களவாகவோ எடுத்தான், தெரிந்தவுடன் பொலிஸில் முறையிடப்பட்டது என்று காட்ட முடிந்தால் நிலைமை மாறும். வாசல் பக்கத்து ஆணியில் சாவி தொங்கிய வீட்டில் அனுமதி கொடுக்கவில்லை என்பது நம்பப்படாது. சொல்லாமல் விட்ட அனுமதியும் அனுமதியே என்றுதான் நீதிமன்றங்கள் பொதுவாகக் கொள்கின்றன.

காப்புறுதி விலகிய பிறகு, உரிமையாளர் தன் சொந்தச் சொத்திலிருந்து நட்டஈடு கொடுக்க வேண்டுமா என்பது வேறு சட்டத்தால் தீர்மானிக்கப்படுகிறது. இலங்கையில் ஒருவர் கவனயீனத்தால் மற்றவருக்கு இழைக்கும் தீங்குக்கான பொறுப்பை உரோம-டச்சுச் சட்டம் ஆள்கிறது. வாகனம் தன் பெயரில் இருப்பதால் மட்டுமே உரிமையாளர் பொறுப்பாளி ஆவதில்லை. ஓட்டியவர் அவருடைய வேலையாளாகவோ, அவருடைய காரியத்துக்காக ஓட்டிய முகவராகவோ இருந்திருக்க வேண்டும். பட்டிப்பொலவில் அப்பாவின் கரட் மூட்டைகளைக் கெப்பெட்டிபொலவுக்கு ஏற்றிச் சென்ற மகன், சம்பளம் வாங்காவிட்டாலும், அப்பாவின் காரியத்தைச் செய்தவன். அவ்வழியில் நடந்த விபத்துக்கு அப்பா பொறுப்பு. அதே மகன் மாலையில் நண்பர்களோடு நுவரெலியாவுக்குப் போனபோது நடந்த விபத்துக்கு அந்தக் காரணத்தால் அப்பா பொறுப்பாளி ஆகமாட்டார். ஆனால் தகுதியற்றவன் என்று தெரிந்தவனிடம் ஆபத்தான ஒரு பொருளை ஒப்படைத்த கவனயீனம் அப்பாவின் சொந்தத் தவறாகவே வாதிடப்படலாம், இடைநிறுத்தக் கட்டளை அவ்வாதத்துக்கு வலுவான சான்று. இங்கிலாந்தில் 1935இல் தீர்க்கப்பட்ட மொங்க் – வார்பி வழக்கு இன்னொரு வழியால் இதே இடத்துக்கு வந்தது: காப்புறுதி இல்லாதவர் தன் வாகனத்தை ஓட்ட அனுமதித்த உரிமையாளர், அந்தச் சட்ட மீறலாலேயே காயப்பட்டவருக்கு நேரடியாக நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டார்.

குற்றவியல் பக்கத்தை விரிவாகப் பேச வேண்டியதில்லை. இலங்கையின் மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் 123ஆம் பிரிவு அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டுவதை மட்டுமல்ல, அத்தகையவரை ஓட்ட அனுமதிப்பதையும் தடுக்கிறது. இத்தகைய குற்றங்களுக்கு ஆகக் குறைந்தது 25,000 ரூபா தண்டப்பணம் என்ற யோசனை 2016 நவம்பரில் வரவுசெலவுத் திட்டத்தில் வந்தபோது பஸ் வேலைநிறுத்தம் வரை எதிர்ப்பு எழுந்தது. அத்தொகை 2019ஆம் ஆண்டின் திருத்தத்தோடு சட்டமாயிற்று. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தகுதி நீக்கப்பட்டவர் ஓட்டினால் 10,000 ரூபாயும், அனுமதிப்பத்திரம் இல்லாதவரிடம் வாகனத்தைக் கொடுத்த உரிமையாளருக்கு 5,000 ரூபாயும் அபராதம். இத்தொகைகளைப் பார்த்தே குடும்பங்கள் ஆபத்தை அளக்கின்றன; காப்புறுதி இழப்பின் அளவோடு ஒப்பிட்டால் அவை சிறியவை.

மலையகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்ற தமிழர் பலர் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் இதே சிக்கலை வேறு விதமாகக் கையாள்கிறது. அங்கு காப்புறுதி எடுக்கும்போதே வீட்டில் அனுமதிப்பத்திரம் உள்ள எல்லோருடைய பெயரும் கேட்கப்படுகிறது. ஒருவரின் பதிவு மோசமானால் கட்டுப்பணம் முழு வீட்டுக்கும் ஏறுகிறது. அதைத் தவிர்க்க, குறித்த ஒருவர் இந்த வாகனத்தை ஓட்டமாட்டார் என்று உரிமையாளரும் அவரும் கையெழுத்திட்டு அவரை விலக்கிவைக்கும் இணைப்புப் பத்திரம் ஒன்று உண்டு. சட்டப்படி ஓட்ட அனுமதி இல்லாதவரை ஓட்ட விடக்கூடாது என்பது எல்லாப் பத்திரங்களிலும் சட்டமே எழுதி வைத்த நிபந்தனை. அதை மீறினால் உரிமையாளர் தன் வாகனச் சேதத்துக்கான காப்பை இழக்கிறார். மூன்றாந் தரப்புக்கு நிறுவனம் சட்டத்தின் ஆகக் குறைந்த எல்லையான 200,000 டொலர் வரை கொடுத்துவிட்டு அவரிடம் அறவிடலாம். அதற்கு மேற்பட்ட தொகை அவருடைய வீட்டையும் சேமிப்பையும் தேடி வரும், ஏனெனில் தன் இசைவோடு வாகனத்தை ஓட்டியவரின் கவனயீனத்துக்கு உரிமையாளர் பொறுப்பு என்று ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைச் சட்டம் நேரே சொல்கிறது. கரட் மூட்டையா, நண்பர்களா என்ற கேள்வி அங்கு எழுவதில்லை. இடைநிறுத்தக் காலத்தில் ஓட்டியவருக்கு முதல் குற்றத்துக்கே 1,000 முதல் 5,000 டொலர் வரை அபராதம் உண்டு; வாகனம் யாருடையதாக இருந்தாலும் 7 நாட்களுக்குத் தடுத்து வைக்கப்படலாம்.

அனுமதிப்பத்திரம் இல்லாதது விபத்துக்குக் காரணமாகாதபோதும் காப்புறுதியை மறுப்பது நியாயமா என்ற கேள்வி இவ்வெல்லாச் சட்டங்களையும் ஊடறுத்துச் செல்கிறது. இடைநிறுத்தப்பட்டவர் தன் பக்கத்தில் ஒழுங்காகச் சென்றிருக்க, எதிரே வந்த லொறி வளைவில் மறுபக்கம் ஏறி மோதினால், நீதவானின் கட்டளைக்கும் மோதலுக்கும் என்ன தொடர்பு? 2014இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம், அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கத் தவறியிருந்த முதிய பெண் ஒருவரின் வழக்கில், மீறல் சிறியது, இழப்பு மிகப் பெரியது என்று கருதி அவருடைய காப்பைத் திரும்ப அளித்தது. பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டம், மீறப்பட்ட நிபந்தனை நடந்த இழப்பின் ஆபத்தைக் கூட்டியிருக்க முடியாது என்று காட்டப்பட்டால் நிறுவனம் அதை நம்பி மறுக்க முடியாது என்றது. இவை காலாவதியானவருக்கு நல்ல துணை. இடைநிறுத்தப்பட்டவருக்கு அவ்வளவு அல்ல. மறதியை மன்னிக்கும் நீதிமன்றம், தன் சகோதர நீதிமன்றம் ஒன்று ஓட்டாதே என்று நேரில் சொல்லியும் ஓட்டியவரை அதே கண்ணோடு பார்ப்பதில்லை. இந்த வேறுபாடு சரியானதே. தவறு முழுவதும் மற்ற லொறியுடையதாக இருந்தால், இடைநிறுத்தப்பட்டவரின் குடும்பம் அந்த லொறியின் மூன்றாந் தரப்புக் காப்புறுதியிடம் கோரும் உரிமை அதனால் அழிந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தம் பிள்ளையின் குற்றத்துக்கு அஞ்சி அந்த உரிமையையும் கோராமல் விட்டுவிடும் குடும்பங்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டில் ஒருவரின் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டதும் உரிமையாளர் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. இடைநிறுத்தப்பட்டவருக்கு வாகனத்தை ஓட்டக் கொடுத்திருந்த அனுமதியைத் தான் மீளப் பெற்றுக்கொண்டதாகத் திகதியிட்டு எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகப் பற்றுச்சீட்டைக் காப்புறுதிப் பத்திரத்தோடு வைப்பது, சாவியைப் பூட்டிவைப்பது, புதுப்பித்தல் படிவத்தில் சாரதிகளைப் பற்றிய கேள்வி இருந்தால் உள்ளதை எழுதுவது. வருமானம் நின்றுவிடும் என்பதே குடும்பங்கள் இதைச் செய்யாமல் இருப்பதற்கான உண்மையான காரணம். அதைச் சட்ட அறிவுரையால் மட்டும் தீர்க்க முடியாது; தகுதியான வேறொரு சாரதிக்கு அந்தச் சில மாதங்கள் கூலி கொடுப்பது இலாபத்தைக் குறைக்கும், ஆனால் லீசிங் தவணையும் காப்பும் நிலைத்திருக்கும்.

நிறுவனம் கோரிக்கையை மறுத்தால், மறுப்பை வாய்மொழியாக ஏற்றுக்கொள்ளாமல், எந்த வாசகத்தின் கீழ் மறுக்கிறது என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். அந்த எழுத்தோடுதான் 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமோ, காப்புறுதிக் குறைதீர் அதிகாரியிடமோ, நீதிமன்றத்திடமோ செல்ல முடியும். அங்கு முதலில் பார்க்கப்படுவன இரண்டு திகதிகள்: இடைநிறுத்தம் தொடங்கிய நாளும் விபத்து நடந்த நாளும். தண்டப்பணச் சீட்டின் 14 நாட்களுக்குள் நடந்த விபத்தை இடைநிறுத்தமாகவும், காலாவதியை இரத்தாகவும் படித்து எழுதப்படும் மறுப்பு, அந்தத் திகதிகளின் முன் நிற்காது. உண்மையான இடைநிறுத்தக் காலத்துக்குள் நடந்ததாக இருந்தால், வாகனச் சேதத்துக்கான கோரிக்கையை மீட்க வழி மிகக் குறைவு. அப்போதும் காயப்பட்ட அன்னியருக்கு நிறுவனத்தின் மேல் உள்ள உரிமை வேறு அடித்தளத்தில் நிற்பது என்பதால், உரிமையாளர் வழக்கு அழைப்பாணையை நிறுவனத்துக்கு உடனே அனுப்பிவிட வேண்டும். தன் வாகனத்துக்குப் பணம் தராத நிறுவனத்துக்கு ஏன் எழுத வேண்டும் என்ற கோபத்தில் அதை மேசை இழுப்பறையில் போட்டுவைத்தால், தன் வாகனத்தில் அடிபட்டவரின் நட்டஈட்டை முழுவதும் தானே சுமக்கும் நிலைக்கு அவர் தன்னைத்தானே கொண்டுபோய்விடுகிறார்.